அடித்த இரும்பு எங்கே போகிறது? வீட்டுப் பட்டறையில் ஒரு வெற்றிலைக் கொக்கி

வீட்டில் சின்னதாக ஓர் உலை வைத்து, சாவி மாட்டும் கொக்கி, விளக்குத் தாங்கி, திரைச்சீலைக் கம்பிக்கு ஒரு சுருள் முனை என்று அலங்கார இரும்பு வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது சுத்தியலையும் உலையையும்தான். இரண்டும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் மனதில் ஏற வேண்டிய ஒன்று இருக்கிறது. சுத்தியால் அடிக்கும்போது இரும்பு குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. இடம் மாறுகிறது. தச்சு வேலையில் வேண்டாததை இழைத்துத் தள்ளிவிடலாம். கொல்லு வேலையில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஓரிடம் மெலிந்தால் அங்கிருந்த இரும்பு நீளத்திலோ அகலத்திலோ போய்ச் சேர்ந்திருக்கும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்குப் போகும்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், எவ்வளவு கம்பி வெட்டுவது, ஏன் முனை பிளக்கிறது, இலை ஏன் ஒரு பக்கமாக வளைகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வரும்.

கணக்கு

10 மி.மீ. சதுரக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதன் முகம் 100 சதுர மி.மீ. அதையே 5 மி.மீ. சதுரமாக மெலித்தால் முகம் 25 சதுர மி.மீ. நாலில் ஒரு பங்கு. அப்படியானால் நீளம் நாலு மடங்கு. கனம் பாதியானால் நீளம் இரண்டு மடங்காகும் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். முதல் கொக்கி வரைந்ததைவிட நீண்டுபோய் நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஊசி முனையாகக் கூராக்கினால் கணக்கு வேறு. கூரான முனை என்பது ஒரு கோபுர வடிவம். அதே அடியும் அதே உயரமும் உள்ள கட்டையில் மூன்றில் ஒரு பங்கு இரும்புதான் அதற்குள் இருக்கும். ஆகவே 25 மி.மீ. கம்பியை ஒரே சீராகக் கூராக்கினால் 75 மி.மீ. நீளமான முனை வரும். முழுக் கூர் வேண்டாம், 10 மி.மீ.யில் தொடங்கி 5 மி.மீ.யில் முடிந்தால் போதும் என்றால், 90 மி.மீ. நீள முனைக்கு 53 மி.மீ. கம்பி தேவை. கீழே செய்யப்போகும் வெற்றிலைக் கொக்கியின் முனைக்கு இந்த அளவுதான் நமக்கு வேண்டும்.

இரும்பு அறவே போவதில்லை என்று சொல்ல முடியாது. காய்ச்சும்போதெல்லாம் மேல்தோல் காற்றோடு சேர்ந்து கருப்புச் செதிலாக உதிரும். ஒரு கொக்கிக்கு ஐந்தாறு மி.மீ. கூடுதலாக வெட்டினால் இது சரிக்கட்டிவிடும்.

இரும்பு எந்தத் திசையில் போகும் என்பது சுத்தியலின் எந்த முகத்தால் அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தட்டை முகத்தால் அடித்தால் நாலா பக்கமும் பரவும். கிராஸ் பீன் சுத்தியலின் மறுபக்கத்தில் குறுகலான ஒரு விளிம்பு இருக்கும். அதனால் அடித்தால் இரும்பு பெரும்பாலும் அந்த விளிம்புக்குக் குறுக்கேதான் நகரும். விளிம்பு கம்பிக்குக் குறுக்காக விழுந்தால் கம்பி நீளும். கம்பியின் நெடுக்கே விழுந்தால் அகலும். குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் களிமண்ணைக் கம்பிபோல் உருட்டி, அதே சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சூடான இரும்பும் அப்படியேதான் நகரும், கை கொஞ்சம் பலமாக இறங்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். புதிய வடிவம் ஒன்றைச் செய்யும் முன் களிமண்ணில் பார்த்துவிட்டால் கரியும் நேரமும் மிச்சம்.

சூடும் நிறமும்

இரும்பு நகர வேண்டுமானால் சூடு வேண்டும், அதை நிறம் சொல்லும். மங்கலான சிவப்பு ஏறக்குறைய 650, 700 டிகிரி செல்சியஸ். நல்ல சிவப்பு 800 அளவில். ஆரஞ்சு 900 முதல் 1000. மஞ்சள் 1100, 1200. அதற்கும் மேலே வெள்ளை வெளேரென்று போய், கம்பியிலிருந்து மத்தாப்பூப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று பொருள். எரிந்த துண்டை மறுபடி சரிசெய்ய முடியாது, வெட்டி எறியத்தான் வேண்டும்.

மெலிப்பதும் நீட்டுவதும் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில். வளைப்பதும் முறுக்குவதும் ஆரஞ்சில். நேராக்குவதும் மேல்பரப்பை மெதுவாகத் தட்டிச் சமன்செய்வதும் சிவப்பில். மங்கல் சிவப்பு போனதும் நிறுத்திவிட வேண்டும். 'சிரங்கு பிடித்தவன் கையும் இரும்பு பிடித்தவன் கையும் சும்மா இருக்காது' என்பார்கள். நிறம் போன பிறகும் "இன்னும் ரெண்டு தட்டு" என்று கை போகும். அங்கேதான் விரிசல் பிறக்கிறது. அதிலும் 200 முதல் 350 டிகிரி வரை உள்ள நீலச் சூட்டில் இரும்பு நொறுங்கும் தன்மை கொண்டது. பார்ப்பதற்குக் கருப்பாக, சாதுவாக இருக்கும். மெல்லிய காம்பை அந்தச் சூட்டில் வளைத்தால் மளுக்கென்று முறியலாம்.

10 மி.மீ. கம்பி உலையிலிருந்து வெளியே வந்தால் வேலைக்கு ஏற்ற சூடு ஏறக்குறைய இருபது வினாடிதான் நிற்கும். கம்பியை வைத்து அடிக்கும் எஃகுக் கட்டியான பட்டறைக்கல் சில்லென்று இருந்தால் அதுவும் இல்லை, கல்லே சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் கம்பியை வெளியே எடுக்கும் முன்பே எங்கே எத்தனை அடி, எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவாகியிருக்க வேண்டும். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடைக்காது.

நிறத்தைப் பார்க்க நிழல் அவசியம். சென்னை வெயிலில் சிவந்த இரும்புகூடக் கருத்ததுபோல் தெரியும். வெயிலில் வேலை செய்கிறவர் சூடு போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் காய்ச்சிக் கம்பியை எரித்துவிடுவார்.

இடம், உலை, கம்பி

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைத் தெருக்களில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பல இடங்களில் சுவர் ஒன்றுதான். சுத்தியல் சத்தத்தைவிட அதன் அதிர்வுதான் அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யும். மொட்டை மாடியில் பட்டறை போட்டால் கீழே குடியிருப்பவர் தலையில் அடிப்பதாகத்தான் அர்த்தம். தரைத்தளத்தில், மண் தரையோ கல் பாவிய முற்றமோ இருந்தால் அதுதான் சரியான இடம். பட்டறைக்கல்லைத் தாங்கும் மரக்கட்டையின் அடியில் ஒரு பழைய ரப்பர் மேட் அல்லது மணல் போட்டால் அதிர்வு பாதி அடங்கும். கல்லின் இடுப்பைச் சுற்றி ஒரு கனமான சங்கிலி கட்டினால் காதைத் துளைக்கும் கணீர் ஓசையும் குறையும்.

கடற்காற்றையும் கணக்கில் வையுங்கள். கோடையில் நண்பகலுக்குப் பிறகு கிழக்கிலிருந்து காற்று ஏறும். உலை மேற்கு ஓரத்தில் இருந்தால் புகையும் பொறியும் உங்களைவிட்டு விலகிப் போகும். ஆனால் அந்தப் பக்கம் துணி காயும் கொடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காலை வேளை எல்லா வகையிலும் நல்லது. கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரி உலை கூடவே கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி தெரியும் முன்பே ஆளைச் சாய்த்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழேயும் வேண்டாம், சூட்டில் ஓடு வெடித்துத் தெறிக்கும்.

உலைக்கு லாரியின் பழைய பிரேக் டிரம் போதும். காயலாங்கடையில் கிடைக்கும். அடியில் ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் செருகி, மறுமுனையில் சின்ன புளோயர். குழாய் கருப்புக் குழாயாக இருக்கட்டும். ஜி.ஐ. குழாயின் மேலிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாக வரும். அதை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். துத்தநாகம் பூசிய எந்தத் துண்டும் உலைப் பக்கம் வரக் கூடாது. உட்புறத்தைத் தீக்களிமண்ணால் பூசிக் காயவிட்டு, முதல் தீயை மெதுவாக மூட்ட வேண்டும். ஈரம் இருக்கும்போதே முழுத் தீ வைத்தால் பூச்சு பிளந்துவிடும்.

கரிக்கு சீமைக் கருவேலங் கரி. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. கனமாக, நின்று எரியும். முதல் நாளுக்கு 5 கிலோ கையில் இருக்கட்டும். எலுமிச்சை அளவுக்கு உடைத்துப் போடுங்கள். பெரிய கட்டிகளுக்கு நடுவில் காற்று ஓடிவிடும், தூள் காற்றையே அடைத்துவிடும். சமையல் சிலிண்டரை இதற்கு இழுக்க வேண்டாம், வீட்டு இணைப்பு சமையலுக்கு மட்டுமே.

தீயிலும் தளங்கள் உண்டு. காற்று நுழையும் குழாய் வாய்க்குப் பக்கத்தில் எரியாத காற்று நிறைய இருக்கும். அங்கே கம்பியைச் செருகினால் இரும்புதான் எரியும், செதில் தடித்துப்போகும். அதற்கு மேலே ஒரு கையகலம் உள்ள நடுப்பகுதியில் கம்பியைப் படுக்கையாக வைத்து, மேலே கரியால் மூட வேண்டும். கம்பியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது தவறு. புளோயரை முழு வேகத்தில் விடுவதும் அதே தவறுதான். கரி துள்ளாமல், சீறாமல் எரிகிற காற்றே போதும்.

பட்டறைக்கல்லுக்குக் கொம்பு வைத்த விலை உயர்ந்த கல் தேவையில்லை. 25 கிலோவுக்குக் குறையாத எந்த எஃகுக் கட்டியும் ஆகும். தண்டவாளத் துண்டு நல்ல கல்தான், ஆனால் பில் இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைக் கணக்கின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வார்ப்பிரும்புக் கட்டியும் வேண்டாம், அடி பட்டு ஓரம் உடைந்து தெறிக்கும். கல்லின் மேல்பரப்பு, நீங்கள் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் முட்டி தொடும் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்க விளிம்பை கிரைண்டரால் 3 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள். இந்தச் சின்ன வேலையை விட்டுவிட்டுத்தான் பலர் இலையின் காம்பை உடைத்துக்கொள்கிறார்கள். காரணம் கீழே வருகிறது.

சுத்தியல் 800 கிராம் முதல் ஒரு கிலோவுக்குள். புதுச் சுத்தியலின் முகத்து ஓரம் கூராக இருக்கும், அதையும் உருட்டாவிட்டால் ஒவ்வோர் அடியும் பிறை வடிவத் தழும்பாகப் பதியும்.

கம்பிக்கு மண்ணடி, பாரிமுனைப் பக்கக் கடைகள். "அண்ணா, எம்.எஸ். ஸ்கொயர் ராடு, பத்து எம்எம், ஒரு லென்த்" என்றால் போதும். எம்.எஸ். என்பது மைல்டு ஸ்டீல், கார்பன் குறைந்த சாதா இரும்பு. ஒரு லென்த் பொதுவாக 6 மீட்டர், எடை 4.7 கிலோ. தராசில் அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் கம்பி 10 மி.மீ. இல்லை. கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பி வேண்டாம். அதன் மேலுள்ள வரிகள் அடியில் மடிந்து உள்ளே போய், எங்கே பார்த்தாலும் கீறல் விட்டதுபோல் ஆகிவிடும். லாரியின் ஸ்பிரிங் பட்டையும் இந்த வேலைக்கு ஆகாது. அதில் கார்பன் அதிகம், சூட்டோடு தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும். எம்.எஸ். கம்பியைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்காது.

உடுப்பு முழுக்கப் பருத்தி. பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். செருப்பு கூடாது, மூடிய ஷூ. கண்ணாடி கட்டாயம். சூடான துண்டை சிமென்ட் தரையில் போட்டால் தரை பொரிந்து தெறிக்கும், ஒரு தட்டில் மணல் வைத்து அதில் போடுங்கள். இந்த வேலையில் சூடுபட்டுக்கொள்வது பெரும்பாலும் செக்கச்செவேல் என்றிருக்கும் இரும்பால் அல்ல, கருத்துப்போன இரும்பால். எந்தத் துண்டையும் எடுக்கும் முன் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

வெற்றிலைக் கொக்கி

ஒரு முனையில் வெற்றிலை, நடுவில் முறுக்கு, மறுமுனையில் கொக்கி. நடுப்பகுதியின் இரு பக்கமும் திருகாணித் துளை. கணக்கைக் கம்பியில் வைப்போம். இலைக்கு 25 மி.மீ. காம்பு 6 மி.மீ. உருட்டாக, 70 மி.மீ. நீளம் வேண்டும்; அதற்கு 20 மி.மீ. கம்பி. சுவரோடு ஒட்டும் நடுப்பகுதி அப்படியே 110. கொக்கி முனைக்கு மேலே சொன்ன 53. கூட்டினால் 208, செதிலுக்கும் சேர்த்து 215 மி.மீ. ஒரு லென்தில் 27 கொக்கி வரும்.

ஆனால் 215-ஆக முதலிலேயே வெட்டிவிடாதீர்கள். 75 செ.மீ. நீளத் துண்டாக எடுத்து, அதன் முனையிலேயே இலையைச் செய்து முடியுங்கள். மறுமுனை சுடாது, கையால் பிடிக்கலாம், குறடு தேவைப்படாது. கற்றுக்கொள்கிறவருக்குக் குறட்டில் நழுவும் கம்பிதான் பாதித் தொல்லை.

முனையிலிருந்து 25 மி.மீ.யில் ஒன்று, 45 மி.மீ.யில் ஒன்று எனச் சென்டர் பஞ்சால் குழி போட்டுக்கொள்ளுங்கள். சாக்பீஸ் கோடு தீயில் போய்விடும். குழி மட்டும் ஆரஞ்சுச் சூட்டிலும் கருப்புப் புள்ளியாகத் தெரியும்.

முதல் காய்ச்சலில் நுனி. கம்பியைச் சற்றே சாய்த்து, முனை கல்லின் தூர விளிம்பில் இருக்கும்படி பிடித்து அடியுங்கள். இரண்டு அடி, கால் திருப்பு, இரண்டு அடி, திரும்பப் பழைய பக்கம். மேலே சுத்தியல் செய்வதைக் கீழே கல் செய்துகொள்ளும், அதனால் இரண்டு பக்கம் மாறி மாறி அடித்தாலே நாலு பக்கமும் சரியாகும். கடைசி 10 மி.மீ. கம்பி 20 மி.மீ. அளவுக்கு மொட்டையான முனையாக வந்தால் போதும். திருப்பு சரியாக 90 டிகிரி இல்லாவிட்டால் சதுரம் சாய்ந்து வைர வடிவாகும். அப்படியே தொடர்ந்தால் நடுவில் இரும்பு கிழியும். சாய்ந்த மூலைகளைக் கல்லில் நிறுத்தி முதலில் சதுரமாக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நுனி மீன் வாய்போல் பிளந்து நிற்கிறதா? சூடு போதாமல், மெல்ல மெல்லத் தட்டியிருக்கிறீர்கள். மெல்லிய அடி மேல்தோலை மட்டும் நகர்த்தும், உள்ளே இருப்பது அங்கேயே நிற்கும், தோல் அதைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பிளவை அடித்து மூட முயலாதீர்கள், உள்ளே செதில் மாட்டிக்கொள்ளும், ஒட்டவே ஒட்டாது. வெட்டிவிட்டு மறுபடி மஞ்சள் வரை காய்ச்சி, பலமான அடியாக அடியுங்கள். கூராக்கும்போது உருட்டாகவே ஆரம்பித்தாலும் இதே கதிதான். எப்போதும் முதலில் சதுரமாக மெலித்து, மூலை தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில் உருட்ட வேண்டும்.

அடுத்தது கழுத்து. 25 மி.மீ. குழி உருட்டிவிட்ட விளிம்பின் மேல் வரும்படி வையுங்கள். இலையாகப் போகும் மொட்டு கல்லுக்கு வெளியே தொங்கட்டும், காம்பாகப் போகும் பகுதி கல்லின் மேல் இருக்கட்டும். சுத்தியலின் முகத்தில் பாதி கல்லின் மேலும் பாதி வெளியிலும் விழ வேண்டும். கல்லுக்கு மேலே உள்ள இரும்பு மட்டும் மெலியும், மொட்டு அப்படியே நிற்கும். கால் திருப்பு, மறுபடி. கழுத்து 6 மி.மீ. சதுரமானதும் அங்கிருந்து 45 மி.மீ. குழிவரை மெலித்துக்கொண்டே போனால் 20 மி.மீ. கம்பி நீண்டு காம்பாகிவிடும். மூலை தட்டி உருட்டுங்கள். விளிம்பு கூராக இருந்தால் கழுத்தில் கத்தி வெட்டுபோல ஒரு கோடு விழும். அடுத்த அடிகளில் அது மடிந்து மறைந்துவிடும், இருப்பதே தெரியாது. கடைசியில் காம்பை வளைக்கும்போது இலை கையோடு வரும். விளிம்பை உருட்டச் சொன்னது இதற்காகத்தான்.

இப்போது மொட்டு இலையாக வேண்டும். 10 மி.மீ. கனத்தில் 25 மி.மீ. என்றால் 2500 கன மி.மீ. இரும்பு. 2 மி.மீ. தகடாக்கினால் 1250 சதுர மி.மீ. பரப்பு. அந்தப் பரப்பு 45 மி.மீ. நீளம், 42 மி.மீ. அகலத்தில் வெற்றிலையாகலாம், 90 மி.மீ. நீளம், 21 மி.மீ. அகலத்தில் மாவிலையாகவும் ஆகலாம். இரும்பு அதேதான், சுத்தியலின் விளிம்பு விழும் திசைதான் வேறு. வெற்றிலைக்கு விளிம்பு கம்பியின் நெடுக்கே. மாவிலைக்குக் குறுக்கே.

முதலில் தட்டை முகத்தால் 4 மி.மீ. வரை தட்டுங்கள். மறுபடி காய்ச்சி, கிராஸ் பீனைத் திருப்பிக்கொண்டு நடுநரம்பிலிருந்து தொடங்கி வெளியே வெளியே போங்கள். விளிம்பை நடுநரம்புக்குச் சற்றுச் சாய்வாக, காம்பிலிருந்து ஓரம் நோக்கிப் போகும்படி வைத்தால் அடியின் தழும்புகளே வெற்றிலையின் கிளை நரம்புகளாக நிற்கும். அதை அழிக்காமல் விடுங்கள். கையால் அடித்த இலைக்கும் தகட்டில் வெட்டிய இலைக்கும் உள்ள வித்தியாசமே அந்தத் தழும்புகள்தான். ஓரத்தை நடுவைவிட மெல்லியதாக விடுவது அழகு.

அடிக்க அடிக்க இலை இடது பக்கமாக வளைகிறது என்றால் வலது பாதி அதிகம் அடிபட்டு நீண்டிருக்கிறது. குறட்டால் நெம்பி நேராக்க வேண்டாம். இடது பாதியில் நாலு அடி கூடுதலாகப் போட்டால் அதுவும் நீண்டு இலை நேராகும். இதுதான் முன்னால் சொன்ன கணக்கு, கண்ணெதிரே நடப்பது.

இந்தக் கட்டத்தில் பறிபோகும் இலைகள்தான் அதிகம். 2 மி.மீ. தகடு நாலைந்து வினாடியில் சூடேறும். பக்கத்தில் கனமான கம்பி இன்னும் சிவக்கவே இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தால் இலை நுனி பொறி பறந்து பொரிந்துபோயிருக்கும். இலையைத் தீயின் நடுவைத் தாண்டி அப்பால் தள்ளி வையுங்கள், புளோயரைக் குறையுங்கள், கண்ணை எடுக்காதீர்கள். ஆரஞ்சு வரைக்குமே போதும்.

நடுநரம்புக்கு முனை மழுங்கிய உளி. கூரான உளி தகட்டை வெட்டிவிடும், முனையை அரத்தால் ஒரு மி.மீ. உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். சிவப்புச் சூட்டில், ஒரே கோடாக, உளியை நகர்த்தி நகர்த்தி அடிக்க வேண்டும். பிறகு மரக்கட்டையின் தலையில் சின்னதாக ஒரு குழி இருந்தால் அதில் இலையை வைத்து மரச் சுத்தியலால் இரண்டு தட்டு. உயிருள்ள இலை ஒருபோதும் தட்டையாக இருக்காது, இந்தச் சின்னக் குழிவுதான் இரும்பை இலையாக்குகிறது.

இனி எல்லாம் வேகமாகப் போகும். நடுப்பகுதிக்கு 110, கொக்கிக்கு 53, கூடுதலாக ஓரிரு மி.மீ. அளந்து, ஆறவிட்டு ஆக்ஸா பிளேடால் வெட்டுங்கள். குறட்டில் பிடித்துக் கொக்கி முனையை 90 மி.மீ. வரை மெலியுங்கள். நடுப்பகுதியின் இரு ஓரத்திலிருந்தும் 15 மி.மீ. உள்ளே 5 மி.மீ. துளைகள். தண்ணீரில் தோய்க்காமல் தானாக ஆறிய கம்பியில் டிரில் எளிதாக இறங்கும்.

முறுக்குக்கு இரு துளைகளுக்கும் நடுவில் 50 மி.மீ. மட்டும் ஒரே சீரான ஆரஞ்சு. வைஸில் ஒரு முனையைப் பிடித்து, அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் ஒரு முழுச் சுற்று. சூடு அதிகமுள்ள இடம்தான் முதலில் முறுக்கும், அதனால் நெருக்கமும் தளர்வுமாக வரும். மூக்குள்ள குவளையில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நெருங்கிவிட்ட இடத்தில் சில சொட்டு விட்டால் அந்த இடம் நின்று மற்ற இடம் முறுக்கும். முறுக்கிய கம்பி கோணினால் மரக்கட்டையின் மேல் மரச் சுத்தியலால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் பட்டால் முறுக்கின் கூர் மூலைகள் நசுங்கிவிடும்.

கொக்கியில் முதலில் நுனிச் சுருள், அதன் பிறகுதான் எதிர்த்திசையில் பெரிய வளைவு. பெரிய வளைவை முதலில் செய்தால் நுனிக்குச் சுத்தியல் எட்டாது. உள்விட்டம் 30 மி.மீ. என்றால் அரை வட்டத்துக்கு 58 மி.மீ. போகும், கம்பியின் நடுக்கோட்டை வைத்து அளக்க வேண்டும், உள்பக்கத்தை வைத்து அல்ல. மீதமுள்ள 32 நுனிச் சுருளுக்கும் நேர்ப்பகுதிக்கும். ஓர் அங்குல இரும்புக் குழாயை வைஸில் பிடித்து, அதன் மேல் வளைத்தால் அளவு மாறாது. குழாயின் வெளிவிட்டம் 33 மி.மீ. வரை இருக்கும், கொக்கிக்கு அந்த வித்தியாசம் பரவாயில்லை. கடைசியாக இலைக் காம்பு. வளைக்கும் முன் இலையைத் தண்ணீரில் தோய்த்து எடுத்தால் இலை கெட்டியாக நின்று காம்பு மட்டும் வளையும்.

துரு

வடசென்னையில் இதை ஒதுக்க முடியாது. காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் வைத்துக்கொள்ளும், மழை இல்லாத நாளிலும் துரு நடக்கும். கொக்கி வீட்டுக்குள் தொங்கப்போகிறதா, வாசலிலா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

உள்ளே என்றால் ஆளிவிதை எண்ணெய் அல்லது தேன்மெழுகு. கம்பிப் பிரஷால் செதிலைத் தேய்த்து எடுத்துவிட்டு, சொட்டு எண்ணெய் விட்டால் லேசாகப் புகையும் அளவுக்குச் சூடாக்கி, துணியால் மெல்லியதாகத் தடவ வேண்டும். தீப்பிடித்தால் சூடு அதிகம். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றில் உலரும்போது தானே சூடேறும், சுருண்ட துணி சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். இலைக்கு மட்டும் லேசான பொன்னிறம் வேண்டுமென்றால், செந்நிறம் முழுக்கப் போன பிறகு, எண்ணெய்க்கு முன்னால், பித்தளைக் கம்பிப் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பித்தளை மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும்.

வாசலுக்கும் பால்கனிக்கும் மெழுகு தாங்காது. செதில் இருக்கும்போதே பெயின்ட் அடிப்பதும் வீண், செதில் உரியும்போது பெயின்டும் சேர்ந்து உரியும். ஓரிரவு வினிகரில் ஊறப்போட்டால் செதில் கழன்றுவிடும். சலவை சோடா கரைத்த தண்ணீரில் கழுவி அமிலத்தை முறித்து, உடனே துடைத்து, கை பொறுக்கும் சூடுவரை காய்ச்சி ஈரத்தை ஓட்டி, அதே நாளில் பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் துரு பூத்திருக்கும். கடலோரத்துக்குத் துத்தநாகம் மிகுந்த எபாக்சி பிரைமர் நல்லது, அதன் மேல் இரண்டு கை எனாமல். முறுக்கின் பள்ளங்களிலும் இலையும் காம்பும் சேரும் கழுத்திலும்தான் துரு முதலில் பிடிக்கும், அங்கெல்லாம் சின்னத் தூரிகையால் தனியாக ஒரு கை பூசுங்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் மாட்டுவதாக இருந்தால் பூச்சில் மட்டும் ஆணி நிற்காது. செங்கல் தட்டுப்படும்வரை துளைத்து, 50 மி.மீ. திருகாணியும் அதற்கேற்ற பிளக்கும் போடுங்கள்.